லாஃப்ட் இருக்கிறது, சர்டிஃபிகேட் இல்லை: இங்கிலாந்தில் வீடு வாங்குகிறவர்களுக்கு

நாங்கள் ஆசைப்பட்ட முதல் வீடு கைநழுவிப் போனதற்கு நான் பேசிய ஒரே ஒரு போன்தான் காரணம். மதிய இடைவேளையில், ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, கவுன்சிலில், கட்டட வேலை விதிப்படி நடந்ததா என்று பார்க்கும் பில்டிங் கன்ட்ரோல் பிரிவைக் கூப்பிட்டேன். "இந்த முகவரியில் கூரைக்குள் லாஃப்ட் அறை கட்டியிருக்கிறார்கள், அதற்கு சர்டிஃபிகேட் இருக்கிறதா?" என்று பணிவாகக் கேட்டேன். "எங்கள் பதிவில் எதுவும் இல்லையே, எப்போது கட்டினார்கள்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் எங்கள் சொலிசிட்டர் மெயில் அனுப்பினார். "இதுபற்றி யாராவது கவுன்சிலிடம் பேசினீர்களா?" என்று ஒரே வரி. பேசினேன் என்றேன். அதோடு இன்டெம்னிட்டி காப்பீடு, அதாவது காகிதமில்லாத வேலைக்கு எடுக்கும் காப்பீடு, என்ற வழி அடைபட்டது. வேறு எந்த வழிக்கும் விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. சர்வே, சர்ச் (கவுன்சில், தண்ணீர் கம்பெனி பதிவுகளைத் தேடிப் பார்ப்பது), சொலிசிட்டர் என்று இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் செலவழித்திருந்தோம். போனது போனதுதான்.

இரண்டாவது வீட்டிலும் அதே கதை: காகிதமில்லாத லாஃப்ட், இடித்துத் திறந்த சமையலறைச் சுவர், வீட்டுக்குள் மட்டும் காணாமல் போன சிம்னி. ஆனால் இந்த முறை எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கானது, வேல்ஸுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, அங்கே வாங்குகிறவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம்.

1. கவுன்சிலைக் கூப்பிடாதீர்கள்

காகிதம் இல்லை என்று தெரிந்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது "கவுன்சிலையே கேட்டுவிடலாமே" என்பதுதான். நேர்மையான யோசனைதான், ஆனால் காசைக் கரைக்கும். காகிதமில்லாத வேலைக்கு விற்கப்படும் காப்பீட்டில் ஒரு பொதுவான நிபந்தனை உண்டு: அந்த வேலையைப் பற்றி யாரும் கவுன்சிலுக்குத் தெரியப்படுத்தியிருக்கக் கூடாது. நீங்கள், உங்கள் மனைவி அல்லது கணவர், சர்வேயர், ஏஜென்ட் என யார் சொல்லியிருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கவுன்சில் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் பிளானிங் பதிவேட்டைப் பார்ப்பது வேறு. அதைத் தாராளமாகப் பாருங்கள். உங்கள் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதிக் கேள்வி கேட்கும் படிவம் எதையும் மட்டும் நிரப்பாதீர்கள். உங்களுக்காக வேலை செய்கிறவர்களிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள். எங்கள் இரண்டாவது சர்வேயரிடம் நான் சொன்ன முதல் வாக்கியமே அதுதான். அவர் சிரித்துவிட்டு, "எத்தனை வீட்டை இழந்தீர்கள்?" என்றார்.

2. எந்த வேலைக்கு எந்தக் காகிதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நம் ஆட்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பிளானிங் பெர்மிஷன் வேறு, பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேறு. முதலாவது, அங்கே அப்படி ஒன்றைக் கட்டலாமா என்பதைப் பற்றியது. இரண்டாவது, கட்டியது இடிந்து விழாமல், தீப்பிடித்தால் ஆள் வெளியே ஓடிவரும்படி கட்டப்பட்டதா என்பதைப் பற்றியது. "இதற்கெல்லாம் பெர்மிஷன் தேவையில்லை, பெர்மிட்டட் டெவலப்மென்ட்" என்று ஏஜென்ட் சொன்னால், அது பிளானிங்குக்கு மட்டும்தான் பதில். வரிசை வீட்டில் 40 கன மீட்டர் வரையும் மற்ற வீடுகளில் 50 கன மீட்டர் வரையும் லாஃப்ட் பெரிதாக்க, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், பிளானிங் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் பில்டிங் ரெகுலேஷன்ஸ் கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் என்ன இருக்க வேண்டும் என்றால்:

- லாஃப்ட் அறை, எக்ஸ்டென்ஷன், சுமைதாங்கும் சுவரை எடுத்தது, சிம்னியை எடுத்தது: பில்டிங் கன்ட்ரோல் கொடுத்த கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட். கவுன்சிலுக்குப் பதில் தனியார் இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தால் அவர் கொடுத்த ஃபைனல் சர்டிஃபிகேட்.
- 2002 ஏப்ரல் 1-க்குப் பிறகு மாற்றிய ஜன்னல்கள்: ஜன்னல் பொருத்துகிறவர்களைப் பதிவு செய்யும் ஃபென்சா, செர்டாஸ் போன்ற அமைப்பின் சான்று, அல்லது பில்டிங் கன்ட்ரோல் சான்று.
- 2005 ஜனவரிக்குப் பிறகு செய்த முக்கியமான மின்வேலை, உதாரணமாக புது சர்க்யூட் அல்லது ஃபியூஸ் பெட்டி மாற்றம்: எலக்ட்ரீஷியன் கொடுத்த சான்றும், பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்றும்.
- பாய்லர்: பொருத்தியவர் பதிவு செய்திருந்தால் வரும் பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்று. கேஸ் வேலை செய்கிறவர்களின் பதிவேடு 2009 ஏப்ரலிலிருந்து கேஸ் சேஃப், அதற்கு முன் கோர்கி.
- பொது சாக்கடைக் குழாயின் மேலோ மூன்று மீட்டருக்குள்ளோ கட்டிய எக்ஸ்டென்ஷன்: தண்ணீர் கம்பெனியின் பில்ட் ஓவர் ஒப்புதல்.

கடைசியில் உள்ளதை முதல் தடவை வாங்குகிறவர்கள் யாரும் நினைப்பதே இல்லை. 2011 அக்டோபர் 1 அன்று பல தனியார் சாக்கடைக் குழாய்கள் தண்ணீர் கம்பெனிகளின் கைக்கு மாறின. அதனால் பின்பக்கத்து எக்ஸ்டென்ஷனுக்குக் கீழே ஓடுவது இன்றைக்குப் பொதுக் குழாயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சொலிசிட்டர் எடுக்கும் டிரெய்னேஜ் சர்ச்சில் வரைபடம் வரும். அதை நீங்களே பிரித்துப் பாருங்கள்.

ஃபிளாட் என்றால் இதெல்லாம் போக, கட்டடத்துக்குச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். மாடியில் இருக்கும் லாஃப்ட் உங்கள் லீஸுக்குள் (குத்தகை ஒப்பந்தத்துக்குள்) வருகிறதா என்பதையே முதலில் பாருங்கள். பல லீஸ்களில் வருவதில்லை.

3. காகிதத்தைத் தேடுங்கள், விற்பவரையும் தேட வையுங்கள்

"இல்லை" என்று விற்பவர் சொன்னால், பாதி நேரம் அதற்கு "எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை" என்றுதான் பொருள்.

விற்பவர் நிரப்பும் டிஏ 6 படிவத்தில் வீட்டில் செய்த மாற்றங்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அதை சொலிசிட்டரின் சுருக்கமாக இல்லாமல், முழுப் படிவமாக வாங்கிப் படியுங்கள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள். எங்கள் இரண்டாவது வீட்டுக்காரர் சிம்னியை எடுத்ததை எழுதவே இல்லை. பொய் சொல்லவில்லை, அவருக்கு முன்பிருந்தவர் எடுத்தது, இவருக்கு அங்கே சிம்னி இருந்ததே தெரியாது.

லோக்கல் சர்ச் முடிவில், கவுன்சில் பதிவில் உள்ள பிளானிங் முடிவுகளும் பில்டிங் ரெகுலேஷன்ஸ் விவரங்களும் வரும். சொலிசிட்டர் எப்படியும் எடுக்கும் சர்ச் அது; காப்பீட்டைக் கெடுக்காது. ஃபென்சா தளத்தில் வீட்டு எண்ணையும் போஸ்ட்கோடையும் கொடுத்தால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதிவு இருந்து காகிதம் மட்டும் தொலைந்திருந்தால், சின்னக் கட்டணத்தில் நகல் வாங்கிவிடலாம். பாய்லர் சான்றுக்கும் அப்படியே. இவற்றை விற்பவர் செலவில் வாங்கித் தரச் சொல்லுங்கள். இதற்கு யாரும் மறுப்பதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கட்டட வரைபடம் அங்கீகரிக்கப்பட்டது என்ற கடிதத்தையோ, தனியார் இன்ஸ்பெக்டர் வேலை தொடங்கும்போது கவுன்சிலுக்கு அனுப்பும் இனிஷியல் நோட்டீஸையோ காட்டி "இதோ சர்டிஃபிகேட்" என்பார்கள். இரண்டுமே வேலை தொடங்கியதற்கான அடையாளம்தான், முடிந்ததற்கானது அல்ல. ஆனால் கவுன்சிலில் கொடுத்த விண்ணப்பம் இப்படிப் பாதியில் நிற்கிறது என்றால் அது ஒருவகையில் நல்ல சேதி. கவுன்சிலுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை என்பதால், விற்பவரே அவர்களைக் கூப்பிட்டு இறுதிச் சோதனையை முடித்து சர்டிஃபிகேட் வாங்கித் தர முடியுமா என்று பாருங்கள். முதல் படியில் சொன்ன தடைக்கு இது மட்டும் விதிவிலக்கு. அதையும் உங்கள் சொலிசிட்டர் சரி என்ற பிறகே செய்யுங்கள்.

4. வேலை எந்த வருஷம் நடந்தது என்று கண்டுபிடியுங்கள்

வருஷம் தெரிந்தால்தான் எந்த விதி பொருந்தும், கவுன்சில் நடவடிக்கை எடுக்க இன்னும் காலம் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். "ரொம்ப வருஷத்துக்கு முன்னால்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

நான் உட்கார்ந்து கண்டுபிடித்த விதம் இது. கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு வருஷமாகப் பின்னே போனேன். 2012 படத்தில் கூரையில் ஜன்னல் இருந்தது, 2008 படத்தில் வெறும் ஓடு. அப்புறம் இபிசி பதிவேடு. எனர்ஜி சான்று எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும். அதில் கூரைக்குள் அறை இருந்தால் அப்படியே எழுதியிருப்பார்கள். வீட்டின் பழைய சான்றும் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஓரத்தில் ஒரு வெள்ளிப் பட்டை தெரியும். அதில் தயாரித்த வருஷம் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பது உண்டு. பாய்லருக்கு அதன் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பென்ச்மார்க் என்ற படிவம் இருக்கும். ஒழுங்கான ஆள் பொருத்தியிருந்தால் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருப்பார்.

இனி காலக்கெடு. பில்டிங் ரெகுலேஷன்ஸை மீறிய வேலையை மாற்று அல்லது இடி என்று கவுன்சில் நோட்டீஸ் கொடுக்க, முன்பு வேலை முடிந்து 12 மாதம்தான் அவகாசம் இருந்தது. இங்கிலாந்தில் 2023 அக்டோபர் 1 முதல் அது 10 ஆண்டு. பழைய கட்டுரைகளும், இங்கே வெகுகாலமாக இருக்கும் சொந்தக்காரர்களும் இன்னும் "ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கவலையில்லை" என்பார்கள். அதைக் கேட்டு இறங்காதீர்கள். உங்கள் வீட்டு வேலைக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்று சொலிசிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வேலை உயிருக்கு ஆபத்தானது என்றால், காலக்கெடு பார்க்காமல் கவுன்சில் நீதிமன்றத் தடை கேட்கவும் முடியும்.

பிளானிங்கிலும் மாற்றம் உண்டு. இங்கிலாந்தில் கட்டட வேலைக்கு 4 ஆண்டாக இருந்த கெடு, 2024 ஏப்ரல் 25 முதல் 10 ஆண்டு. அந்தத் தேதிக்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிட்ட வேலைக்குப் பழைய 4 ஆண்டுதான். பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிட்ட வீடு என்றால் எந்தக் கெடுவும் கிடையாது. அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றமே. அப்படிப்பட்ட வீட்டில் காகிதம் இல்லை என்றால், என் கருத்தில், அடுத்த வீட்டைப் பாருங்கள்.

5. காகிதத்தை மறந்துவிட்டு வீட்டைப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிகம் செலவழிக்கச் சொல்வேன். கூரை விழுமா என்பதைக் காகிதமோ காப்பீடோ சொல்லாது.

கடன் கொடுக்கும் வங்கி அனுப்பும் வேல்யூவர் உங்களுக்காக வருகிறவர் அல்லர். சில சமயம் அவர் வீட்டுக்குள் வருவதுகூட இல்லை. நீங்கள் எடுக்க வேண்டியது, கட்டடத்தை மிக விரிவாகப் பார்க்கும் லெவல் 3 சர்வே. வீட்டின் அளவைப் பொறுத்து 700 முதல் 1,500 பவுண்டு வரை ஆகலாம். பதிவு செய்யும்போதே எந்தெந்த வேலைக்குக் காகிதம் இல்லை என்று பட்டியல் கொடுங்கள். பட்டியல் கொடுத்தால் அந்த இடங்களில் நின்று பார்ப்பார்கள். இல்லையென்றால் "தேவையான சான்றுகளை உங்கள் சட்ட ஆலோசகர் சரிபார்க்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள்.

எங்கள் சர்வேயர் செய்ததைச் சொல்கிறேன். முதலில் தெருவில் நின்று கூரையைப் பார்த்தார். வெளியே சிம்னிக் கூண்டு அப்படியே நிற்கிறது. உள்ளே வந்து படுக்கையறைச் சுவரைத் தடவினார். சிம்னி இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. "மேலே அரை டன்னுக்கு மேல் செங்கல் நிற்கிறது, கீழே ஒன்றுமில்லை. அப்படியானால் அது எதன் மேல் நிற்கிறது?" என்று என்னையே கேட்டார். லாஃப்ட் அறையின் ஓரத்தில், முழங்கால் உயரச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கும், பெட்டிகளைத் தள்ளி வைக்க. அதற்குள் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். எனக்கும் காட்டினார். கூண்டுக்குக் கீழே சுவரிலிருந்து சுவருக்கு ஓர் இரும்பு பீம் போயிருந்தது. சில வீடுகளில் வெறும் முக்கோணத் தாங்கிகள் இரண்டை சுவரில் போல்ட் அடித்து அதன் மேல் கூண்டை நிறுத்தியிருப்பார்களாம். இன்னும் சில வீடுகளில் அதுவும் இருக்காதாம்.

அதே இடத்தில் தரைச் சட்டங்களையும் அளந்தார். பழைய உட்கூரைச் சட்டம் சுமார் 100 மில்லிமீட்டர் உயரம். அது பிளாஸ்டரைத் தாங்கப் போட்டது, கட்டிலையும் ஆளையும் தாங்க அல்ல. அதன் பக்கத்திலேயே 200 மில்லிமீட்டர் புதுச் சட்டங்கள் ஓடின. "காகிதம் இல்லாவிட்டாலும் செய்தவனுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது" என்றார்.

ஆனால் கதவுகள் தோற்றுப்போயின. விரல் முட்டியால் தட்டினார், டொக் டொக்கென்று உள்ளே வெறுமை. லாஃப்டில் ஆள் தூங்கினால், படிக்கட்டு வழியே தப்பிக்கும் பாதை நெருப்பிலிருந்து காக்கப்பட வேண்டும். வழக்கமாக அதற்குப் படிக்கட்டை ஒட்டிய அறைகளுக்கு அரைமணி நேரம் தாங்கும் கதவும், ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்கும் கரண்ட் புகை அலாரமும் இருக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. படியின் மேல் தலையிடிக்காத உயரம் இருக்கிறதா, ஏறுவது நிலையான படியா அல்லது இழுத்துப் போடும் ஏணியா என்பதையும் பாருங்கள்.

சமையலறையில் எடுத்த சுவருக்கு சர்வேயர் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் பீம் பிளாஸ்டருக்குள் இருக்கிறது. அதற்கு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிட வேண்டும். வந்து பார்த்து எழுதித்தர 300 முதல் 600 பவுண்டு வாக்கில். விற்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, சமையலறை உட்கூரைப் பலகையில் உள்ளங்கை அளவு ஓட்டை போட்டுப் பார்க்கச் செய்தோம். பீமின் முனை கான்கிரீட் கட்டையின் மேல் நேராக உட்கார்ந்திருந்தது. ஓட்டையை அன்றே அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்தோம், அது நம் மரியாதை. ஓட்டை போடவே விடமாட்டேன் என்கிற விற்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

மின்சாரத்துக்கு இஐசிஆர் என்ற சோதனை அறிக்கை, 150 முதல் 300 பவுண்டு. பாய்லருக்கு கேஸ் சேஃப் ஆள் ஒருவரின் சோதனை, 100 பவுண்டுக்கு முன்னே பின்னே. பழைய சான்று தொலைந்ததைப் பற்றிச் சண்டை போடுவதைவிட, இந்த இரண்டையும் புதிதாக எடுப்பது எவ்வளவோ மேல். ஜன்னல் சான்று இல்லாததற்கு நான் ஒரு பொழுதும் தூக்கம் கெட மாட்டேன். கண்ணாடிக்குள் ஈரம் கட்டியிருக்கிறதா, திறந்து மூடுகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

6. வழியைத் தேர்ந்தெடுங்கள்

*இன்டெம்னிட்டி காப்பீடு.* விற்பவரின் சொலிசிட்டர் முதலில் நீட்டுவது இதைத்தான். ஒரே தடவை பிரீமியம், வீட்டு விலையைப் பொறுத்து சில பத்து பவுண்டிலிருந்து சில நூறு வரை. எங்களுடையது நூற்றுச் சொச்சம், விற்பவரே கட்டினார், அதுதான் வழக்கமும். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்கும், அதனால் வீட்டு மதிப்பு குறைந்தால் அந்த நஷ்டத்துக்கும்தான் இது. பீம் தொங்கினாலோ லாஃப்ட் ஒழுகினாலோ ஒரு பைசா வராது. ஏஜென்ட் "இன்ஷூரன்ஸ் போட்டாயிற்று, இனி என்ன" என்று சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். பில்டிங் ரெகுலேஷன்ஸுக்கு எடுத்த பாலிசி பிளானிங்கையும் சாக்கடைக் குழாயையும் சேர்த்துக் காக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேலை முடிந்து குறைந்தது ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்று பல பாலிசிகள் கேட்கும்.

*ரெகுலரைசேஷன்.* 1985 நவம்பர் 11-க்குப் பிறகு செய்த வேலைக்கு, பின்னாளில் கவுன்சிலிடம் விண்ணப்பித்து சர்டிஃபிகேட் வாங்கும் முறை. இதைத் தனியார் இன்ஸ்பெக்டர் கொடுக்க முடியாது, கவுன்சில் மட்டும்தான். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும், சாதாரண விண்ணப்பத்தைவிட அதிகமாகவே இருக்கும். அதைவிடப் பெரிய செலவு, பார்ப்பதற்காகப் பிளாஸ்டரையும் தரையையும் பிரிக்கச் சொல்வது. குறை கண்டால் சரி செய்தே ஆக வேண்டும். கிடைத்தால் தங்கமான காகிதம், ஆனால் ஒருவழிப் பாதை. விண்ணப்பித்த பிறகு காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்க விற்பவர்கள் லேசில் சம்மதிப்பதில்லை. ஆள் இல்லாத வீடு, பெரிய எக்ஸ்டென்ஷன், அவசரமில்லாத விற்பவர் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

*விலையைக் குறைப்பது.* எனக்கு மிகவும் பிடித்தது. விளம்பரத்தில் நான்கு படுக்கையறை என்று போட்டிருக்கும். சர்டிஃபிகேட் இல்லாத லாஃப்டைப் படுக்கையறையாகக் கணக்கில் எடுக்காத வேல்யூவர்கள் பலர். அப்படியானால் நீங்கள் வாங்குவது மூன்று படுக்கையறை வீடும் மேலே ஒரு சாமான் அறையும். பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள். கதவு, அலாரம், மின்வேலை என்று குறை தீர்க்க எவ்வளவு ஆகும் என்று இரண்டு கொட்டேஷன் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் "காகிதம் இல்லை" என்று சொல்லிக் குறைக்கக் கேட்டால் யாரும் இறங்குவதில்லை, தொகையைக் காட்டினால் இறங்குகிறார்கள். இன்னொரு லாபம்: 440,000 பவுண்டு வீட்டில் 10,000 குறைந்தால், தற்போதைய விகிதத்தில் ஸ்டாம்ப் டியூட்டியிலும் 500 பவுண்டு குறையும்.

சான்று வரும்வரை ஒரு தொகையை சொலிசிட்டரிடம் நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் உண்டு. வங்கிகளுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, அதனால் அதிகம் எழுதவில்லை.

விட்டுவிடுவதும் ஒரு வழிதான். சிம்னியைத் தாங்க எதுவும் இல்லை, பழைய மெல்லிய சட்டத்தின் மேலேயே தரை, பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்கு என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், போட்ட பணத்தை நினைத்து உள்ளே போகாதீர்கள்.

7. வங்கியிடம் மறைக்காதீர்கள்

பெரும்பாலும் உங்கள் சொலிசிட்டரே வங்கிக்கும் சொலிசிட்டர். காகிதம் இல்லாத விஷயத்தை அவர் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தால் தெரிவித்தே தீருவார். அதனால் சீக்கிரமே சொல்லச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு (ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தத் தொடங்கும் நாளுக்கு) நான்கு நாள் இருக்கும்போது வங்கி புதிய கேள்வி கேட்டால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். மார்ட்கேஜ் ஆஃபர் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம்தான் செல்லும். ரெகுலரைசேஷன் வழி போகிறீர்கள் என்றால் அந்தத் தேதியை முதலில் பாருங்கள்.

8. நாட்களை எப்படி அடுக்குவது

எங்கள் இரண்டாவது வீட்டில் நடந்தது இது. விலை ஒத்துக்கொண்ட வாரமே டிஏ 6 கேட்டோம். இரண்டாவது வாரம் ஸ்ட்ரீட் வியூ, இபிசி, ஃபென்சா எல்லாம் வீட்டில் உட்கார்ந்தே முடிந்தது, செலவு பூஜ்யம். மூன்றாவது வாரம் லெவல் 3 சர்வே. அறிக்கை வந்த பிறகுதான் சொலிசிட்டரை சர்ச்களுக்குப் பணம் கட்டச் சொன்னோம். சர்ச்கள் எல்லாம் சேர்த்து 250 முதல் 400 பவுண்டு வரை போகும். சர்வேயில் வீடு தோற்றால் அதுவாவது மிஞ்சும். ஐந்தாவது வாரம் எஞ்சினியரும் எலக்ட்ரீஷியனும். ஏழாவது வாரம் விலைப் பேச்சு. அதற்கு மேல் இரண்டு வாரம் பாலிசியின் வாசகத்தை இரண்டு சொலிசிட்டர்களும் மாற்றி மாற்றித் திருத்தியதில் போனது. பதினோராவது வாரம் எக்ஸ்சேஞ்ச்.

ஏஜென்ட் நடுவில் மூன்று முறை கூப்பிட்டு "இன்னொருவர் பணத்தோடு தயாராக இருக்கிறார்" என்றார். "சந்தோஷம், அவரும் இதே கேள்விகளைத்தான் கேட்பார்" என்றேன். பிறகு கூப்பிடவில்லை.

9. எக்ஸ்சேஞ்சுக்கு முந்தைய நாள்

எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை காரணம் சொல்லாமலேயே விலகலாம். ஆன பிறகு விலகினால் வழக்கமாக விலையில் 10 சதவீதமான டெபாசிட் போய்விடும். எனவே கையெழுத்துக்கு முன் பாலிசியின் வரைவை வாங்கி நீங்களே படியுங்கள். வீட்டு முகவரி சரியா, ஒவ்வொரு வேலையும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா, காப்பீட்டுத் தொகை வீட்டு விலைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வரைவில் லாஃப்ட் மட்டும் இருந்தது, சமையலறைச் சுவரும் சிம்னியும் விடுபட்டிருந்தன. கேட்டவுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். கேட்காமல் விட்டிருந்தால்?

வீட்டுக் காப்பீடு வேறு, இது வேறு. எக்ஸ்சேஞ்ச் அன்றிலிருந்து வீட்டுக் காப்பீடு உங்கள் பொறுப்பாகலாம். விண்ணப்பத்தில் லாஃப்ட் மாற்றம் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

10. சாவி வந்த பிறகு

முதல் மாதமே அலாரத்தையும் கதவுகளையும் மாற்றினோம். கதவு ஒன்றுக்குப் பொருத்துக் கூலியோடு முந்நூறு பவுண்டு வாக்கில் ஆனது, ஐந்து கதவுகள். அதுவரை மேலே யாரையும் தூங்க விடவில்லை. ஊரிலிருந்து வந்த அம்மா "இவ்வளவு பெரிய அறையைப் பூட்டி வைத்திருக்கிறாயே" என்று கேட்டபடியே கீழே சோஃபாவில் படுத்துக்கொண்டார்.

பாலிசி, எஞ்சினியர் கடிதம், ஓட்டைக்குள் எடுத்த பீம் படம், இஐசிஆர், கதவு ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, ஸ்கேனும் செய்து வையுங்கள். விற்கும்போது உங்களிடமும் இதே டிஏ 6 வரும். கடைசியாக ஒன்று: பாலிசி உங்கள் பெயருக்கு வந்த பிறகும் கவுன்சில் நிபந்தனை உயிரோடுதான் இருக்கிறது. பின்னாளில் எக்ஸ்டென்ஷன் கட்ட பில்டிங் கன்ட்ரோல் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வரப்போகிறார் என்றால், அவருக்குக் கதவைத் திறக்கும் முன் பாலிசி கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.